மோட்டாருக்கு ஒரு துருத்தி

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஜெர்மனியைச் சொல்வர், பிரான்சைச் சொல்வர், அமெரிக்காவின் ஹென்றி போர்டைச் சொல்வர். அவ்வண்டியின் சக்கரங்களுக்கு உறையாய் அமைந்த ரப்பரைச் சீவி எடுத்த கைகள் எவருடையவை என்று சொல்வோர் மிகச் சிலரே. 1877-ஆம் ஆண்டில் நமது பேராக்கின் கோலகங்சாரில் நட்ட நாற்றுகளில் ஒன்று இன்றும் மரமாய் நிற்கின்றது. 1908-இல் போர்டின் மாடல் டி வண்டி வெளிவந்து, மோட்டார் உலகெங்கும் பெருகப் பெருக, இம்மாநிலத்துக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். உலகத்தார் உருண்டோடுவதற்கு வேண்டிய பாலை வாளியில் சுமந்துகொண்டு அவர்கள் வெறுங்காலோடு நடந்தனர்.

அந்நிலை இன்று மாறிவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. லயங்கள் பல இடிந்தன. சுங்கை சிப்புட்டிலும், செம்மோரிலும், புந்தோங்கிலும் நம் மக்கள் சிறு வீடுகள் வாங்கிக் குடியேறியுள்ளனர். வாசலில் ஒரு மோட்டார் வண்டி. பெரும்பாலும் அது 2005 மே மாதத்தில் பெரோடுவா நிறுவனம் முதன்முதல் வெளியிட்ட மைவி. சக்கரத்திற்குப் பால் சீவினோரின் பேரப்பிள்ளைகள் இப்பொழுது யந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கின்றனர். பார்ப்பதோடு நில்லாமல், அதன் ஆற்றலைப் பெருக்கவும் முனைகின்றனர். ‘டர்போ’ என்னும் காற்றழுத்தும் கருவியை வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே பூட்டிக்கொள்ளும் இளைஞர்கள் ஈப்போ வட்டாரத்தில் உண்டு. இதனை வெறும் விளையாட்டென்று பெரியோர் தள்ளுகின்றனர். வீரமென்று சிறுவர் கொண்டாடுகின்றனர். இரண்டும் அன்று என்பதே நமது கருத்து. நமது வீட்டுத் தாழ்வாரத்திலேயே இவ்வேலை நடைபெற்றமையால், இதைப்பற்றி இரண்டொரு வார்த்தை கூற நமக்கு உரிமையுண்டு என்று நினைக்கின்றோம்.

நாம் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி. அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டுமென்று 2003-இல் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின் முதல் ஆண்டில் முதற்படிவம் புகுந்தோம். அதன்பின் படித்த படிப்பும் ஆங்கில வழியதே. நமது சிற்றன்னையின் மகன், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்ப்பவன். இக்கட்டுரையில் அவனைத் தம்பி என்றே குறிப்போம். அவன் பல ஆண்டுகள் ஓடிய ஒரு மைவி வண்டியை வைத்திருந்தான். சீட்டு எடுத்த பணத்தில் 4,500 ரிங்கிட்டைக் கொடுத்து, ஈப்போவில் ஒருவரிடமிருந்து ஒரு டர்போ தொகுதியைப் பெட்டியோடு வாங்கி வந்துவிட்டான். நாட்டில் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அப்படியாயின், உழைப்பாளி ஒருவனின் இரண்டரை மாதச் சோறு அப்பெட்டிக்குள் இருந்தது என்று வாசகர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சிற்றன்னை அழுதார். “அண்ணே, நீங்க அம்மாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க,” என்றான் தம்பி. எதைச் சொல்வது? ஏன் வாங்கினாய் என்று முதலில் அவனையே கேட்டோம். அவன் சொன்ன விடை நம்மைச் சிந்திக்கச் செய்தது. “எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் இல்ல, அண்ணே. டவுன்ல எந்தப் பட்டறைக்குப் போனாலும் அதைத்தான் கேக்குறான். இதை நானே பூட்டி ஓடவச்சுக் காட்டினா, அது ஒரு சாட்சி இல்லையா?” என்றான். வேகத்தின்மேல் அவனுக்கு ஆசை இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவ்வாசைக்குள்ளே தன் கைக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்னும் வேட்கையும் இருந்தது. அதனை நாம் இகழ முடியுமா?

இனி, டர்போ என்பது யாதெனில், அது கொல்லன் உலைத் துருத்தியின் வேறொரு வடிவமே. கரி எவ்வளவு இருந்தாலும் காற்று போதாவிடின் உலை சிவக்காது. துருத்தியை மிதித்தால் அதே கரி வெள்ளையாய்க் கனலும். மோட்டாரின் உருளைக்குள்ளும் இதுவே நிகழ்கின்றது. மைவியின் 1.3 யந்திரத்தின் கொள்ளளவு 1,298 கன சென்டிமீட்டர். வெளிக்காற்று தன் இயல்பான அழுத்தத்தில் எவ்வளவு உட்புகுமோ அவ்வளவிற்கு ஏற்ற பெட்ரோலையே அதனால் எரிக்க இயலும். காற்றைப் பலவந்தமாய் உட்செலுத்தினால் பெட்ரோலையும் மிகுதியாய் எரிக்கலாம், ஆற்றலும் மிகும். துருத்தியை மிதிப்பவர் யார்? அங்கேதான் அறிவின் நுட்பம் இருக்கின்றது. யந்திரம் வெளியே தள்ளும் வெப்பப் புகை வீணாய்ப் போகாமல் ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றுகின்றது. அக்காற்றாடியின் அச்சிலேயே கோத்த மற்றொரு காற்றாடி, புதுக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகின்றது. கழிவென்று எறிந்ததைக் கொண்டே வேலை வாங்கும் இவ்வுபாயத்திற்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி என்பவர் 1905-இல் உரிமைப் பத்திரம் பெற்றார்.

மலையேற ஏறக் காற்று மெலியும். நமது பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் ஈப்போவில் உள்ளதைக் காட்டிலும் ஆறில் ஒரு பங்களவு குறைவு. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு வண்டி ஓட்டியவர்கள், யந்திரம் மூச்சிரைப்பதை உணர்ந்திருப்பர். வானத்தில் பறக்கும் விமானத்திற்கு இத்துன்பம் பன்மடங்கு. 1918-இல் அமெரிக்காவின் சான்போர்ட் மாஸ் என்னும் பொறியாளர், ஒரு விமான யந்திரத்தை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் மலை உச்சிக்குக் கொண்டு சென்று, டர்போவைப் பூட்டிச் சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த யந்திரம், மெலிந்த காற்றிலும் 356 தந்தது. பின்னர் இக்கருவி கப்பலுக்கும் லாரிக்கும் வந்தது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயரிலும், 1978-இல் சுவீடனின் சாப் 99-இலும் ஏறி வீட்டு மோட்டாருக்கும் வந்தது.

நிற்க. தம்பி கொணர்ந்த பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத் தாளொன்று இருந்தது. அவனுக்கு அது விளங்கவில்லை. நமக்கு ஸ்பானரின் அளவு தெரியாது. நம் தோட்டங்களில் வெகுகாலமாய் இருந்துவரும் ஒரு பிளவு அன்று தாழ்வாரத்தில் நம் கண்ணெதிரே நின்றது. ஆங்கிலம் அறிந்தவன் கை அழுக்காவதில்லை; கை அழுக்கானவனுக்கு ஆங்கிலம் எட்டுவதில்லை. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்று, செக்ரோலில் பெயரெழுதி, வராதவனுக்குக் கோடு போட்டதே கிராணியின் ஆங்கிலம் செய்துவந்த வேலை. அந்த ஆங்கிலம் ஒரு முறையேனும் தொழிலாளியின் பக்கம் உட்காரட்டுமே என்று நாம் தாளைக் கையிலெடுத்தோம். தரையில் ஒரு கோணியை விரித்து அமர்ந்து, வரிவரியாய்த் தமிழில் சொன்னோம். ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு, செய்தவற்றையெல்லாம் எழுதவும் தொடங்கினோம்.

தாளில் முதல் வரியே, யந்திரம் நல்ல நிலையில் இருத்தல் வேண்டும் என்பது. அது நல்ல நிலையில் உள்ளதென்று எப்படி அறிவது? தாள் சொல்லவில்லை, தம்பி அறிந்திருந்தான். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் அழுத்தமானியை வைத்து, யந்திரத்தைச் சுழற்றி, அளவெடுத்தான். நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்றல் வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால், உள்ளே வளையமோ வால்வோ தேய்ந்திருக்கின்றது என்பது பொருள். தேய்ந்த யந்திரத்தில் டர்போவை ஏற்றுவது, காசநோயாளியை ஓட்டப்பந்தயத்தில் விடுவதற்கு ஒப்பாகும். நல்வேளையாக நான்கும் ஒத்திருந்தன.

அடுத்தது எண்ணெய். டர்போவின் அச்சு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலவல்லது. அதன் ஒரு பக்கத்தில் 800, 900 பாகை வெப்பமுள்ள புகை, மறுபக்கத்தில் வெளிக்காற்று. இரண்டிற்கும் நடுவே அவ்வச்சைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலமே. ஆகவே யந்திரத்திலிருந்து எண்ணெயைக் கொண்டு செல்ல ஒரு குழாயும், திரும்பக் கொணர ஒரு குழாயும் வேண்டும். கொண்டு செல்வதற்கு அழுத்தம் துணை செய்யும். திரும்பி வருவதற்கோ பூமியின் ஈர்ப்பையன்றி வேறு துணையில்லை. எனவே திரும்பும் குழாய் அகலமாய், வளைந்து தேங்காமல், கீழ்நோக்கியே செல்லவேண்டும். அதற்கு எண்ணெய்த் தொட்டியில் ஒரு துளையிட வேண்டும். தொட்டியைக் கழற்றாமலே துளையிடலாம் என்று வேறொரு நண்பர் யோசனை கூறினார். தம்பி இசையவில்லை. இரும்புத் தூள் ஒரு கடுகளவு உள்ளே தங்கினாலும் யந்திரம் கெடும் என்றான். தொட்டியைக் கழற்றி, துளையிட்டு, மரையிட்டு, மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியால் தடவிக் காட்டினான். துணியில் கறையில்லை. முதல் ஞாயிறு அவ்வாறே கழிந்தது.

இரண்டாம் ஞாயிறு, புகைக் குழாயைக் கழற்றி டர்போவைப் பொருத்தும் வேலை. பெட்டியில் இருக்கவேண்டிய ஒரு கேஸ்கட் இல்லை. விற்றவரைக் கேட்டதற்கு, ‘எல்லாம் வைத்துத்தான் அனுப்பினோம்’ என்ற விடையே வந்தது. தம்பி தகடு வாங்கி, பட்டறையில் வெட்டிக்கொண்டான். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்தவர் அனைவரும் அறிந்ததே. நம் ஊர் வெயிலில் உட்புகும் காற்று, அழுத்தம் பெற்று வெளிவருங்கால் ஏறக்குறைய 80 பாகை வரை சூடேறலாம். அதனைத் தணிக்க, முன்பக்கத்துத் தடுப்பின் பின்னால் இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானைப் பொருத்தினான்.

அன்று மாலை நமது பெரியப்பா வந்து பார்த்தார். ரப்பர்த் தொழிற்சாலை இருந்த காலத்தில் அதன் டீசல் யந்திரத்தை ஓட்டியவர். அதற்கு முன்னே பால் வெட்டியவர். “எவ்வளவு காத்து அடிக்கப் போறே?” என்று கேட்டார். ஒரு பங்கு வரை போகலாம் என்று விற்றவர் சொன்னதாகத் தம்பி சொன்னான். அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இருமடங்கு. பெரியப்பா சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “மரத்துக்கு மருந்து வச்சு வெட்டினோம். பால் கொட்டுச்சு. கொட்டுதேன்னு வச்சுக்கிட்டே இருந்தானுங்க. பட்டை காஞ்சு போச்சு. அப்புறம் மரம் நிக்கும், பால் வராது. இஞ்சினும் அப்படித்தான்டா,” என்றார்.

இவ்வுவமையை நாம் எந்த ஆங்கில நூலிலும் படித்ததில்லை. எத்திபோன் என்னும் மருந்தை அளவோடு தடவினால் மரம் மிகுதியாய்ப் பால் தருவதும், அளவு மீறினால் வெட்டுப்பட்டை வறண்டு போவதும் ரப்பர் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மையே. யந்திரத்திற்கும் அவ்வாறே ஓர் எல்லை உண்டு. டர்போ இன்றிச் செய்த மைவியின் உருளை, காற்றையும் பெட்ரோலையும் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றாய்த் தானே அழுத்துவது. ஏற்கெனவே அழுத்திய காற்றை அதற்குள் மேலும் செலுத்தினால், தீப்பொறி படுமுன்னரோ, பட்ட பின்னர் ஒழுங்கு தவறியோ, கலவை வெடிக்கின்றது. சுத்தியால் தட்டுவதுபோன்ற ஓசை எழும். ஓசை கேட்டும் மிதித்தால் பிஸ்டன் உடையும். இதனாலேயே, டர்போ வைத்து வண்டி செய்யும் பழைய தொழிற்சாலைகள் உருளையின் அழுத்த விகிதத்தைக் குறைத்தே செய்தன. அன்றியும், காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறிப் பிஸ்டன் உருகும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. டர்போ அழுத்தும்போது பன்னிரண்டை ஒட்டிய அளவிற்குப் பெட்ரோலைச் செறிவாக்க வேண்டும். இவற்றை ஆங்கிலப் புத்தகங்களில் தேடிப் படித்து நாம் சொல்ல, தம்பி 0.4 பங்கு போதும் என்று தானே முடிவு செய்தான். பெரிய இன்ஜெக்டரும், கலவையைக் காட்டும் மானியும், 97 ரக பெட்ரோலும் வேண்டுமென்று பட்டியலிட்டான். முதியவரின் அனுபவமும், புத்தகத்தின் கணக்கும், இளைஞனின் கையும் அன்று ஒரே இடத்தில் கூடின.

மூன்றாம் ஞாயிறு யந்திரத்தை இயக்கும் நாள். சிற்றன்னை சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். நாம் தடுக்கவில்லை, பெற்றவள் அச்சத்தை வாதத்தால் அடக்க முடியாது. ஆனால் தம்பி நம்பியது பழத்தையன்று. பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவைத்து, யந்திரத்தை வெறுமனே சுழற்றி, டர்போவுக்கு எண்ணெய் ஏறிவிட்டதென்று குழாய் முனையில் கண்ட பின்னரே சாவியைத் திருப்பினான். யந்திரம் ஓடிற்று. கசிவு உண்டா என்று விளக்கை ஏந்திக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டியின் கீழேயே கிடந்தான். கசிவில்லை. பின்னர், நிருவாகியிடம் எழுதிப்பெற்ற அனுமதியோடு, தோட்டத்திற்குள் உள்ள செம்மண் சாலையில் மெதுவாய் ஓட்டினோம். ஏற்றத்தில் மிதித்தபோது, யாரோ பின்னிருந்து தள்ளுவதுபோல வண்டி எழுந்து சென்றது. பெரியப்பா சிரித்தார். சிற்றன்னையும் சிரித்ததை நாம் கண்டோம். வீட்டிற்கு வந்ததும், யந்திரத்தை உடனே நிறுத்தாமல் சிறிது நேரம் ஓடவிட்டே நிறுத்தினான். சூடேறிய அச்சில் எண்ணெய் தேங்கிக் கரியாகாதிருக்க அதுவே வழி.

ஆயினும் வண்டி தோட்டத்து வாயிலைத் தாண்டவில்லை. அதுவே நாம் இவ்விடத்தில் வற்புறுத்த விரும்புவது. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இயங்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் சோதனையுமின்றி, யந்திரத்தை இவ்வாறு மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் செலுத்துவது குற்றம். விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கும் என்பதும் உறுதியன்று. அறிவிக்காமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்; அப்பொழுது அழுவது ஓட்டியவன் மட்டுமன்று. “சட்டமெல்லாம் பார்த்தால் எவனும் செய்யமாட்டான்,” என்று சிலர் நகைத்தனர். நகைப்பவர் வந்து கடன் கட்டப் போவதில்லை. நாம் விண்ணப்பம் எழுதினோம், தம்பி கையொப்பமிட்டான். விடை வரும்வரை அவன் மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குப் போகின்றான்.

வேகம் என்னும் பொருளிலும் மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 110-க்கு ஏறினால், வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கே என்று தோன்றும். ஆனால் அதனை நிறுத்தப் பிரேக் தாங்கவேண்டிய சுமை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. ஏனெனில் அச்சுமை வேகத்தின் இருபடியாய் வளர்வது. யந்திரத்தை வளர்த்துவிட்டுப் பிரேக்கை அப்படியே விடுவது, காளையை வளர்த்துவிட்டு மூக்கணாங்கயிற்றை மறப்பதாகும். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கத்தை நோக்கி நெடுஞ்சாலையில் ஏறி இறங்குவோர் இதனை மனத்தில் இருத்தல் வேண்டும். இரவில் பந்தயமோடி மாண்ட பிள்ளைகளின் தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் முன்னால் டர்போவின் பெருமையைப் பேச நமக்கு நாவெழாது.

அப்படியாயின் இவ்வளவு பணமும் பிரயாசையும் வீணா? வீணன்று. நமது குறிப்பேடு நிரம்பிவிட்டது. எந்த நாளில் எதைக் கழற்றினான், என்ன அளவெடுத்தான், எதை ஏன் மறுத்தான் என்பதெல்லாம் படத்தோடு அதில் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், பயிற்சிக் கூடத்தில் படிக்காதவரும் தம் வேலை அனுபவத்திற்குரிய சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறினால் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழியுண்டு. இவ்வழி நம்மவரில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்க்கோ, கோப்புத் தயாரிக்க எழுத்து வராது. தம்பியின் டிராக்டர் வேலைப் பதிவுகளையும் சேர்த்து, இப்பொழுது அக்கோப்பைத் தயாரித்து வருகின்றோம். பட்டறைக்காரன் கேட்கும் சாட்சி டர்போவின் சீழ்க்கையொலியன்று, அக்கோப்பே சாட்சி.

தோட்டத்திலும் நகரத்திலும் ஆங்கிலம் கற்று மேசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்கள் தெருவில் ஏதோவொரு வாசலில், வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவனைக் காலி என்று சொல்லிக் கடந்து போகாதீர்கள். அவன் வாங்கி வந்த தாளை எடுத்து, அவனுக்கு விளங்கும் தமிழில் படித்துச் சொல்லுங்கள், சட்டத்தைச் சொல்லுங்கள், சான்றிதழுக்கு வழியைச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் கிடக்கும் தம்பியர்க்கு ஒன்று: அளந்து செய்யுங்கள், பிரேக்கை முதலிலும் டர்போவைப் பின்னும் பாருங்கள், செய்ததையெல்லாம் எழுதி வையுங்கள். எழுதாத திறமைக்கு இந்நாட்டில் கூலி உண்டு; மதிப்புக் கிடைப்பதில்லை.